ராவுத்தர் சுருக்கிய ஆப்பிரிக்கா

ஹபீப் முகமது ராவுத்தர் பொய் சொன்னதை என் வாழ்நாளில் ஒன்பது நாட்கள்தான் கேட்டிருக்கிறேன். 1912ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதி புதன்கிழமை தொடங்கி, 14ஆம் தேதி வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி வரை. அதற்கு முன்னும் பின்னும் அவர் உண்மையைத்தான் பேசினார். கட்டபெட்டு கடைவீதி அவரைப் புளுகர் என்று சொன்னது அந்த மற்ற நாட்களுக்காக.

அவர் ரொட்டிக்கடை வைத்திருந்தார். கோத்தகிரி சாலையில், வடக்குப் பார்த்த கடை. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் விறகு அடுப்பு, அதற்கும் பின்னால் ஒரு துணித் திரை, திரைக்கு அப்பால் வீடு. சுற்றியிருந்த எஸ்டேட் பங்களாக்கள் ஏழுக்கு ரொட்டியும், கடைவீதி முழுவதற்கும் மொறுமொறுப்பான வர்க்கியும் அங்கிருந்துதான் போயின. நான் அப்போது பக்கத்து எஸ்டேட் ஆபீஸில் ரைட்டர். ஞாயிறு காலையில் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து வர்க்கி தின்றவர்களில் ஒருவன்.

ராவுத்தர் ஆப்பிரிக்கா போன கதை எளிது. குன்னூருக்கு மலை ரயில் பாதை போட்ட இன்ஜினியர்களில் பார்லோ என்று ஒரு துரை. அவருக்கு ராவுத்தர் சமையல்காரர். பாதை வேலை முடியும் தறுவாயில் துரைக்கு மொம்பாசாவிலிருந்து அழைப்பு வந்தது. கடற்கரையிலிருந்து உள்நாட்டு ஏரி வரை 582 மைலுக்கு ரயில் போடுகிறார்கள், வா என்று. துரை, ராவுத்தரின் ரொட்டி இல்லாமல் போக மாட்டேன் என்றார். 1898 செப்டம்பரில் இருவரும் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். 1902 மார்ச்சில் ராவுத்தர் மட்டும் திரும்பி வந்தார். துரை அங்கேயே நிலம் வாங்கிக்கொண்டு தங்கிவிட்டார்.

மூன்றரை வருடம் ஒரு கண்டத்தைக் கடற்கரை முதல் ஏரி வரை தண்டவாளத்தோடு தண்டவாளமாகப் பார்த்த மனிதர், ஊருக்கு வந்து அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னார். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்துத்தான் சொன்னார். மேற்கே பெரிய காட்டில் இடுப்பு உயர மனிதர்கள் இருப்பதாகக் கேள்வி. வடக்கே அபிசீனியாவில் ஒரு கறுப்பு ராஜா வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் துரத்தியடித்ததாகக் கேள்வி. நைல் நதி அந்த ஏரியிலிருந்து புறப்பட்டு எகிப்து வரை போவதாகக் கேள்வி. ஏரியைப் பார்த்தது மட்டும் நேரில். இப்படி அவர் சொன்ன செய்திகளில் நாற்பத்தொன்றை நான் தேதியோடு குறித்து வைத்திருந்தேன். பல வருடம் கழித்து, மிஷன் பள்ளி வாத்தியாரிடம் இரவல் வாங்கிய பூகோளப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். முப்பத்தெட்டு சரி. இரண்டு கொஞ்சம் அதிகம். ஒன்றை அவர் குறைத்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் பெஞ்சில் பூகோளப் புத்தகம் இல்லை. மளிகைக்கடை ஆறுமுகசாமி இருந்தார். ஜவுளிக்கடை நூர் அகமது இருந்தார். தையல்கார பவுல்ராஜ் இருந்தார். 1904 ஜனவரியில், தேயிலைச் செடிகள் உறைபனியில் கருகிப் போன ஒரு காலையில் நடந்த பேச்சு இது.

“இதெல்லாம் என்ன பனிங்க? அங்க ஒரு மலையோட உச்சி பூரா வெள்ளைங்க. வருசம் பன்னெண்டு மாசமும் கரையாது,” என்றார் ராவுத்தர்.

“எங்கங்க, ஆப்பிரிக்காவுலயா?” என்றார் ஆறுமுகசாமி. “வெயிலு மண்டையப் பொளக்குற ஊருன்னு நேத்துச் சொன்னீங்க?”

“அது கீழங்க. இது மேல.”

“எவ்வளவு மேல?”

“நம்ம தொட்டபெட்டா மேல இன்னொரு தொட்டபெட்டா வையுங்க. அதுக்கு மேல கால் தொட்டபெட்டா வையுங்க.”

“வைக்கறனுங்க. யாரு தூக்கிக் குடுப்பா?”

பெஞ்சு குலுங்கியது. பவுல்ராஜ் தன் பங்குக்கு, “சிரிக்காதீங்க. யாராச்சும் ஏறிச் சுண்ணாம்பு அடிச்சிருப்பாங்க,” என்றார்.

இந்த பவுல்ராஜ் மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதில்லை. ஆனால் அவர், ஆப்பிரிக்க யானைக்கு நாலு தந்தம், இரண்டு சாதாரண நாட்களுக்கு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று சொன்னபோது கடைவீதி “இருக்கும், இருக்கும்” என்று தலையாட்டியது. நந்தி என்ற மலைவாசிகள் ரயில்வே தந்திக் கம்பியை வெட்டி வளையல் செய்து போட்டுக்கொண்டார்கள் என்று ராவுத்தர் சொன்னபோது, எங்கள் தபால்காரர் அவரோடு மூன்று நாள் பேசவில்லை. ஒட்டகச்சிவிங்கிகள் கழுத்தால் அதே கம்பியை அறுத்தன என்று சொன்னபோது நான்காவது நாளும் பேசவில்லை.

தன்னை நம்பாதது கட்டபெட்டு மட்டும் இல்லை என்பதையும் ராவுத்தரே சொல்வார். நைவாஷா ஏரிக்குப் பக்கத்தில் மசாய் பெரியவர் ஒருவர் அவருக்குப் பழக்கமாம். நம் தொதவர்களுக்கு எருமை எப்படியோ அப்படி மசாய்களுக்கு மாடு; உழவு கிடையாது, விதைப்பு கிடையாது. அவரிடம் ராவுத்தர் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். எங்கள் மலையில் ஒரு செடி உண்டு, கொழுந்தைக் கிள்ளி, வாட்டி, உருட்டி, கறுப்பாக்கி, வெந்நீரில் போட்டு, இலையை எறிந்துவிட்டு அந்தத் தண்ணீரைக் குடிப்போம் என்றார். பெரியவர் ஈட்டியை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு மந்தையிலிருந்த பத்துப் பேரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

“எலைய எறிஞ்சுட்டுத் தண்ணியக் குடிப்பாங்களாம்! அங்கயும் நான் புளுகன்தாங்க,” என்பார் ராவுத்தர்.

இதெல்லாம் பெஞ்சோடு போயிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் அவருக்கு ராபியா என்று ஒரே மகள். அந்தக் குடும்பங்களில் பெண் கேட்டு வருகிறவர்கள் நேராகப் பெண் வீட்டுக்குப் போவதில்லை. முதலில் கடைவீதியில் மூன்று கடைகளில் பெண்ணின் தகப்பனைப் பற்றி விசாரிப்பார்கள். மூன்று கடையிலும் நல்ல சொல் வந்தால்தான் வீட்டு வாசற்படி. ஒன்றில் தடங்கினாலும், கொண்டுவந்த வெற்றிலைத் தட்டோடு வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் அந்த மூன்று கடை எவை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

1910இல் குன்னூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. 1911இல் கோத்தகிரியிலிருந்து இன்னொன்று. இரண்டு தடவையும் ஆறுமுகசாமி ஒரே பதிலைத்தான் சொன்னார்: “மனுசன் தங்கமுங்க. வாயத் தொறந்தா மட்டும் அண்டப்புளுகு.” இரண்டு வண்டியும் திரும்பிப் போயின. ஆறுமுகசாமிக்குக் கெட்ட எண்ணம் இல்லை. விசாரிக்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்வது தன் கடமை என்று நினைத்தார்.

1912 மார்ச் முதல் வாரத்தில் மூன்றாவது செய்தி வந்தது. ஊட்டி மெயின் பஜாரில் குடை வியாபாரம் செய்யும் ஷௌகத் அலி, தன் மகனுக்காக 14ஆம் தேதி விசாரிக்க வருகிறார். ராபியாவுக்கு அப்போது பத்தொன்பது முடிந்திருந்தது. அவள் அம்மா மரியம் பீவி கணவரை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவர் குரலை அன்று சாலையிலிருந்தே கேட்டோம்.

“ஏனுங்க, ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு ஆப்பிரிக்கா வேணுமா, ராபியா வேணுமா?”

“என்ன பேச்சு இது மரியம்? நான் சொன்னது அத்தனையும் நெசம்.”

“நெசத்த வச்சுட்டு நான் என்ன பண்ணட்டும்? அந்த மூணு பேருகிட்டயும் போயி, சொன்னதெல்லாம் பொய்யி, இனிமே சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு வாங்க. இந்த வண்டியும் திரும்புச்சுன்னா, நானும் அதுலயே ஏறிப் போயிருவேன்.”

புதன்கிழமை காலையில் ராவுத்தர் ஒரு தட்டு வர்க்கியோடு ஆறுமுகசாமி கடைக்குப் போனார். நான் அங்கே எஸ்டேட்டின் மண்ணெண்ணெய்க் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

“ஆறுமுகசாமி, அந்த ஏரி விசயத்துல நான் கொஞ்சம் கூடச் சொல்லிட்டனுங்க.”

ஆறுமுகசாமி தராசைக் கீழே வைத்தார். “எனக்கு அப்பவே தெரியுமுங்க. இருவத்தேழு நீலகிரி ஜில்லா கொள்ளும்னீங்க. இப்ப எவ்வளவுங்க?”

“ஒரு பத்து ஜில்லா.”

“ராவுத்தரே, விசாரிக்க வர்றவங்க முன்னால நான் என்னன்னு சொல்றது? பத்து ஜில்லாத் தண்ணிக்கு எந்த மனுசன் கரை கட்டுவான்? எறங்கி வாங்க.”

“ரெண்டு ஜில்லா.”

“எறங்குங்க.”

“ஒரு தாலுகா. அதுக்குக் கீழ முடியாதுங்க. அக்கரை தெரியாதுங்க எனக்கு. கப்பல் ஓடுதுங்க அதுல!”

“ஊட்டி ஏரியிலயுந்தான் படகு ஓடுது. நான் உங்க பொண்ணுக்காகத்தான் சொல்றேன். முடிவா ஒரு வார்த்தை: ஊட்டி ஏரி மாதிரி ரெண்டு. போதுங்களா?”

ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். விக்டோரியா ஏரி வற்றியது. “ரெண்டுன்னே வச்சுக்குங்க,” என்றார்.

நூர் அகமதுவிடம் மலை இறங்கியது. அவர் ஜவுளிக்காரர், முழத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர். தொட்டபெட்டாவை விடச் சின்ன மலையாக இருந்தால் நல்லது என்றார். ராவுத்தர் மன்றாடி, தொட்டபெட்டாவுக்கு மேல் ஐம்பது அடி வாங்கிக்கொண்டார். உச்சியில் இருந்தது உறைபனி, காலை பத்து மணிக்குக் கரைந்துவிடும் என்றும் தீர்ந்தது. ரயில் பெட்டிகளைக் கயிறு கட்டி இறக்கிய மாபெரும் பள்ளத்தாக்கு, கேத்திப் பள்ளத்தாக்கின் அளவுக்கு வந்தது. ஆறடிக்கு மேல் நின்ற மசாய்கள் நூர் அகமதுவின் உயரத்துக்கு வந்தார்கள். அவர் குள்ளம்.

பவுல்ராஜ்தான் கஷ்டமானவர். அவர் சிங்கத்தைக் கேட்டார். சாவோ என்ற ஆற்றங்கரையில் இரண்டு சிங்கங்கள் கூடாரத்துக்குள் நுழைந்து கூலியாட்களை இழுத்துக்கொண்டு போனதை ராவுத்தர் பல தடவை சொல்லியிருக்கிறார். மரக்கிளையில் கட்டிலைக் கட்டித் தூங்கியதையும் சொல்லியிருக்கிறார்.

“சிங்கம் எதுக்கு ராவுத்தரே கூடாரத்துக்குள்ள வருது? அது காட்டு ராசா. ஒரு நாயின்னு வச்சுக்கலாங்களா?”

அந்தச் சிங்கங்கள் இழுத்துப்போனவர்களில் ஒருவர் அவரோடு பம்பாயில் கப்பல் ஏறிய பஞ்சாபித் தச்சர். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பவுல்ராஜின் தையல் மிஷின் இரண்டு சட்டைக் கை தைத்து முடிக்கும் வரை ராவுத்தர் நின்றுகொண்டிருந்தார்.

“நாயின்னே வச்சுக்குங்க,” என்றார் கடைசியில். அன்று மாலை அவர் வீட்டில் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

14ஆம் தேதி பகல் பன்னிரண்டே காலுக்கு ஊட்டியிலிருந்து வண்டி வந்தது. ஷௌகத் அலி ஐம்பத்தைந்து வயது மனிதர். மெலிந்த உடம்பு, கையில் தன் கடைக் குடை. அதிகம் பேசாதவர் என்று ஊட்டியில் பேர். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவர் மொம்பாசாவில் ஒரு துணிக் கிடங்கில் ஒன்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கோடு ஏரி வரை போய் வந்தவர். ஊட்டிக்கு வந்த முதல் வாரத்திலேயே பஜார் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டது. அதோடு வாயை மூடிக்கொண்டார். பெண்ணின் தகப்பன் ஆப்பிரிக்கா போனவர் என்று தரகர் சொன்ன ஒரே காரணத்துக்காகத்தான் அவர் இந்தச் சம்பந்தத்துக்கு இத்தனை மைல் வந்திருந்தார்.

ஆறுமுகசாமி அவரை உட்கார வைத்து, கருப்பட்டிக் காப்பி கொடுத்து, உற்சாகமாகப் பேசினார். “முன்னல்லாம் கொஞ்சம் புளுகுவாருங்க. இப்பத் திருந்திட்டாரு. அந்த ஆப்பிரிக்கா ஏரியவே எடுத்துக்குங்களேன். ஊட்டி ஏரி மாதிரி ரெண்டுதான்னு அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு!”

ஷௌகத் அலி காப்பியைப் பாதியில் வைத்தார்.

நூர் அகமது மலையை ஐம்பது அடி கூடச் சொன்னார். பவுல்ராஜ் நாயைச் சொன்னார். ஒவ்வொரு கடையிலும் ஷௌகத் அலியின் முகம் இறுகிக்கொண்டே போனது. மூன்று பேரும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு அவர் பின்னாலேயே ரொட்டிக்கடைக்கு வந்தார்கள். காரியம் கூடிவிட்டது என்ற நம்பிக்கை. நானும் கூடவே வந்தேன்.

சலாம் சொல்லி முடிந்ததும் ஷௌகத் அலி உட்காராமலே கேட்டார்: “நீங்க ஆப்பிரிக்கா போனதாச் சொல்றாங்க. அந்த ஏரி எவ்வளவு பெருசுங்க?”

ராவுத்தர் எங்களைப் பார்த்தார். ஆறுமுகசாமி அவருக்குத் தெரியும்படி இரண்டு விரலைக் காட்டினார்.

“ஊட்டி ஏரி மாதிரி ரெண்டுங்க.”

“சாவோவுல ஆளுங்களக் கடிச்சது என்ன?”

“நாயிங்க.” அந்தச் சொல் பாதிதான் வெளியே வந்தது.

ஷௌகத் அலி குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். “தப்பா நெனைக்காதீங்க. ஏழையா இருக்கலாம், கோபக்காரரா இருக்கலாம். போகாத ஊருக்குப் போனேங்கறவரு ஊட்டுல நான் பொண்ணு எடுக்க முடியாதுங்க.”

அவர் படியில் கால் வைத்தபோதுதான் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பெண் கேட்டு வந்த இடத்தில் பெண் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“இருவத்தேழு நீலகிரி கொள்ளுமுங்க! அத்தா, ஏன் இப்பிடிச் சொல்றீங்க?”

உள்ளே “வாய மூடுடி!” என்று மரியம் பீவியின் குரலும், ஒரு தகரத் தட்டு விழும் சத்தமும் கேட்டன.

ஷௌகத் அலி நின்றார். “யாரது?”

“என் புள்ளைங்க,” என்றார் ராவுத்தர். “அது சின்னதுல இருந்து…”

“புள்ளைக்குத் தெரியறது அத்தாவுக்குத் தெரியலையே!” ஷௌகத் அலி திரையைப் பார்த்துத் திரும்பினார். “ஏம்மா, மொம்பாசாவுல ரயில் ஏறினா யாரு யாரு ஊரு வரும்? வரிசையாச் சொல்லு பாக்கலாம்.”

பத்து வருடம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வர்க்கி அடுக்கிய பெண். மூச்சு விடாமல் சொன்னாள். “கடற்கரையில சுவாஹிலிக்காரங்க, தென்னை, மாமரம். அப்புறம் தண்ணியில்லாத முள்ளுக்காடு. அதத் தாண்டினா காம்பாக்காரங்க, பல்லக் கூராத் தேய்ச்சிருப்பாங்க. அப்புறம் வெட்டவெளி, மசாய்ங்க. நைரோபிக்கு மேல கிகுயுக்காரங்க, நம்ம படுகர் மாதிரி மலைச் சரிவுல வெள்ளாமை. அப்புறம் பெரிய பள்ளத்தாக்கு. அந்தப் பக்கம் ஏறினா நந்தி. கடைசியா ஏரிக்கரையில லுவோ, மீன் பிடிப்பாங்க. சாவோவுல கடிச்சது நாயில்லீங்க. ரெண்டு சிங்கம். ரெண்டுக்கும் பிடரி மயிரு கெடையாது.”

ராவுத்தர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பிப் போன இரண்டு வண்டிகளின் கதையையும், மூன்று கடைகளின் பேரத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். தச்சரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

ஷௌகத் அலி மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார். “ஒரு ஏரியவே வத்த வச்சுட்டீங்களேங்க, புள்ளைக்காக,” என்றார். அப்புறம் எங்களுக்குப் புரியாத மொழியில் ஏதோ கேட்டார். ராவுத்தர் அதே மொழியில் பதில் சொன்னார். அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அந்த ஏரி பழைய அளவுக்கு நிரம்பியது. மலை தொட்டபெட்டாக்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டது. ஷௌகத் அலி தன் பங்காக, தீக்கோழி முட்டை ஒன்றைப் பத்துப் பேர் சாப்பிட்டதையும் சேர்த்துச் சொன்னார்.

ஆறுமுகசாமி மரியம் பீவியைப் பின்வாசல் பக்கம் போய்ப் பார்த்தார். கடமை அவரை விடவில்லை.

“அம்மணி, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ளையோட அப்பாரு இருக்கறாரே, அவரு நம்ம ராவுத்தர விட மோசமுங்க. ஒரு முட்டைய பத்துப் பேரு தின்னாங்கறாரு. யோசிச்சுப் பொண்ணக் குடுங்க.”

மரியம் பீவி கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “ரெண்டு சம்பந்தம் உங்க வாயால போச்சுங்க, அண்ணா. ரெண்டு புளுகரும் ஒரே அளவு சொல்றாங்களே, அது எப்பிடின்னு நீங்க ஊட்டுக்குப் போயி யோசிங்க. இத நான் விடமாட்டேன்.”

ஆறுமுகசாமி யோசித்தார். இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு மறுநாள் வந்தார். கட்டபெட்டு கடைவீதியும் அதை ஏற்றுக்கொண்டது.

நிக்காஹ் மே 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மூன்று கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். பவுல்ராஜ் தைத்த சட்டைதான் மாப்பிள்ளைக்கு. பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து ஆகும் வரை இரண்டு தகப்பன்மார்களும் ஆப்பிரிக்கா என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று மரியம் பீவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருவரும் கூடத்தின் இரண்டு மூலைகளில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கையெழுத்து பதினொன்று முப்பதுக்கு விழுந்தது. பதினொன்று முப்பத்தொன்றுக்கு ராவுத்தர் எழுந்து, கூடத்தைக் கடந்து போய், சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க சம்பந்தி,” என்றார், “நைவாஷாவுல நீர்யானை பாத்தீங்களா, இல்லீங்களா?”